காலி லாரி

தம்பிக்கு அப்பா எழுதுவது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நீ பார்த்திருக்க மாட்டாய். நானும் பார்த்ததில்லை. நீயும் அம்மாவும் ஸ்வெட்டர் வாங்கப் பாரிமுனைக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். அதற்குள் இதை எழுதி உன் பெட்டியில், சட்டைகளுக்கு மேலே, திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட வேண்டும். அடியில் வைத்தால் லூதியானா போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்ப்பாய். அது கூடாது. ரயில் ஏறுவதற்கு முன்பே நீ இதைப் படித்தாக வேண்டும்.

வாயால் சொல்லப் பார்க்காமல் இல்லை. இந்த வாரத்தில் மட்டும் மூன்று முறை, "தம்பி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். மூன்று முறையும், "டிக்கெட்டப் பத்திரமா வச்சிருக்கியா?" என்று முடித்தேன். மூன்றாவது முறை நீ அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். மறதி வந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னை வழியனுப்ப விருந்து வைத்தோம். உன் மாமா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். உன்னோடு பாலிடெக்னிக்கில் படித்த பையன்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர்கள் கேட்டார்கள், நீயும் சொன்னாய், அந்தக் கதையைத்தான். ஆறு வயது வரைக்கும் நீ சர்தார்ஜியாக இருந்த கதை. கொண்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது, ரயிலில் மிலிட்டரிக்காரர்கள் உன்னிடம் பஞ்சாபியில் பேசியது, கடைசியில் அந்த லாரி. "ஒரு கும்பல் எங்கள நிறுத்திட்டாங்கடா. நா சிங்குப் பையனாம், எங்கப்பா என்ன ஒளிச்சுக் கூட்டிட்டுப் போறாராம். அப்பா எங்கைல ஒரு கல்லக் குடுத்தாரு. ரோட்டோரமா ஒரு காலி லாரி நிக்குது. உட்டேன் பாரு ஒண்ணு, கண்ணாடி சில்லு சில்லாப் போச்சு! எல்லாரும் கை தட்றாங்க!" பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். பதினைந்து வருஷமாக அந்த இடத்தில் நான் சிரித்துக்கொண்டுதான் வருகிறேன்.

தம்பி, அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அது உன் பொய் இல்லை, நான் உனக்குள் வைத்த பொய். வேலைக்குப் போகிற நீ லூதியானாவில் அறை கிடைக்கும்வரை தங்கப்போவது சுரிந்தர் அக்கா வீட்டில். ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் ஒன்பது வருஷம் நமக்குப் பக்கத்து வீடு, அவர் வீட்டுக்காரர் சர்தார்ஜி என்னோடு ஃபாக்டரியில் ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர், அவர்கள் மகன் பிண்ட்டு உன் வயது. முதல் நாள் சாப்பாட்டிலேயே பழைய பேச்சு வரும். நீ வாய் ஓயாதவன். இந்தக் கதையை அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அவிழ்த்துவிடுவாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் நேற்று நான் சாம்பாரில் உப்பு இல்லை என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

முதலில் உன் முடியைச் சொல்கிறேன். அது உன் தலையில் ஆறு வருஷம் இருந்ததற்குக் காரணம் பக்தி இல்லை, என் வீம்பு. நம் வழக்கம் உனக்குத் தெரியும். குலசாமி கோவிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முதல் மொட்டை எடுத்து, அங்கேயே காதும் குத்துவார்கள். அதுவரை பிள்ளை தலையில் கத்தி படக்கூடாது. உனக்கு எட்டு மாதம் ஆகும்போது அம்மாவின் அப்பா தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியத்தில் மருமகன்களுக்குத் தலையில் துண்டு கட்டி மரியாதை செய்தார்கள். மூத்த மருமகன் நான். உன் மாமா முதல் துண்டை எடுத்து இளைய மருமகன் தலையில் கட்டிவிட்டார். எனக்கு இரண்டாவது. ஊரே பார்க்க அந்தத் துண்டை அவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டு, பச்சைப்பிள்ளையான உன்னையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். "பக்கத்துல நின்னாரு, கட்டிட்டேன் மாப்ள. இதுல என்ன இருக்கு?" என்று உன் மாமா பின்னாலேயே ஓடிவந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி நான்.

அதற்குப் பிறகு மாமாவை நான் அழைக்கவில்லை. அழைக்காமல் மாமா எப்படி மடி கொடுப்பார்? அம்மா என்னைவிடப் பிடிவாதக்காரி. "ஒரு கடுதாசி போட்டாத் தேஞ்சா போயிருவீக? எங்கண்ணன் மடி இல்லாம எம்புள்ளைக்கு முடியெறக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். நான் செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். ஒரு வயது போயிற்று, மூன்று போயிற்று, ஐந்தும் போயிற்று. உன் முடி இடுப்பைத் தொட்டது. அம்மா இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். பையன்கள் உன்னைப் பொம்பளப் பிள்ளை என்றார்கள். நீ அழுதுகொண்டு வருவாய். ஒருநாள் சுரிந்தர் அக்காதான் உன்னைப் பிடித்து உட்காரவைத்து, சடையை அவிழ்த்து, பிண்ட்டுவுக்குப் போடுகிற மாதிரியே உச்சியில் கொண்டை போட்டு, பட்கா என்கிற அந்தச் சின்னத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டார். "இப்ப யார்னா பொம்பளன்னு சொல்லட்டும், நான் வந்து கேக்குறேன்" என்றார். ஆவடி மார்க்கெட்டில் காய்காரியோடு பேரம் பேசியே தமிழ் கற்றவர் அவர். தெற்கத்திக்காரர்களான நம்மைவிட மெட்ராஸ் பாஷை அவருக்குத்தான் நன்றாக வரும்.

அன்றிலிருந்து நீ அழவில்லை. பிண்ட்டு கையில் போட்டிருந்த மாதிரி ஓர் இரும்புக் காப்பும் உனக்கு வந்தது. ரோட்டில் போகிறவர்கள் "டேய் சிங்கு" என்று கூப்பிட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வாய். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, மறைப்பானேன். ஒருமுறை மின்சார ரயிலில் ஒரு வயதான சர்தார்ஜி, பட்டாளத்துக்காரர், எழுந்து உனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார், பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். என் கறுப்பு முகத்தையும் உன் கொண்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையனின் தாயார் பஞ்சாபியா என்று இந்தியில் கேட்டார். நான் ஆமாம் என்றேன்! அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்து கிடந்தது. அந்த மனிதர் இறங்கும்போது உன் தலையில் கை வைத்து ஏதோ சொல்லி ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். அந்நியர்கள் உன்னை வேறு யாரோ என்று நினைப்பது எங்களுக்கு அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. அதில் பிஸ்கட்டும் கிடைக்கும், வேறெதுவும் கிடைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் அக்டோபர் மாதத்தின் கடைசி நாள் உனக்குக் காதுவலி. சீழ் வைத்திருந்தது. பூந்தமல்லியில் கைராசிக்கார டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். நான் லீவு போட்டேன். காதில் காற்றுப் புகக் கூடாது என்று சுரிந்தர் அக்கா பஞ்சு வைத்து, அதற்கு மேல் மஞ்சள் பட்காவைக் காது மூடும்படி கட்டி அனுப்பினார். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. டெல்லியில் பிரதமரைச் சுட்டுவிட்டார்கள் என்றார்கள். சுட்டது அவருடைய சர்தார்ஜிக் காவலர்கள் என்பதும் அதற்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்திருந்தது. பஸ்கள் நின்றுவிட்டன. ஒரு டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துக்கொண்டே என்னிடம், "அண்ணாத்தே, புள்ளைய இட்டுகினு சீக்கிரம் ஊட்டாண்ட போய்ச் சேரு. நாள் நல்லால்ல" என்றார். அவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு உன் தலை உன் தலையாகத்தான் தெரிந்தது. நீ என் மகன், என் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

ஆவடிக்கு நடக்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரத்திலேயே உனக்குக் கால் வலித்தது. உன்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டேன். பார், எவ்வளவு புத்திசாலி உன் அப்பன்! ஊருக்கே தெரியும்படி அந்த மஞ்சள் துணியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தேன். சென்னீர்குப்பம் தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு லாரி நின்றது. பூ, மயில் எல்லாம் பெயின்ட் அடித்த வடக்கத்தி லாரி. முன்கண்ணாடி ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தது. சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். அவர்களை நீ ரௌடிகள் என்று கதையில் சொல்கிறாய். இல்லை தம்பி. ஒருவர் தோளில் டிபன் பை தொங்கியது. ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர். என்னைப் போல வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிற ஆட்கள்.

"யோவ், நில்லு. யார் புள்ள இது?"

"என் புள்ளைங்க."

"இன்னாது, உன் புள்ளையா? சிங்குப் புள்ளைய ஒளிச்சு இட்டுகினு போறியா?"

"குவாட்டர்ஸ் ஆளு போலக் கீது. அங்க சிங்குங்க ஜாஸ்தி நைனா" என்றான் இன்னொருவன்.

உன்னைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கினேன். ஒருவன் பட்காவைப் பிடித்து இழுத்தான். கொண்டை அவிழ்ந்து முடி அவ்வளவும் உன் முகத்தில் விழுந்தது. "காதப் பாரு, குத்தவே இல்ல. கைல காப்பு வேற" என்றான். நான் என் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், குலசாமியைச் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம், முதல் துண்டு, மச்சினனோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை என்பதையெல்லாம் அந்த நடுரோட்டில் அந்தக் கும்பலிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். இப்போது நினைத்தால் சிரிப்பாகக்கூட இருக்கிறது. அந்தப் பீடிப் பெரியவர் நிதானமாகக் கேட்டார்: "ஒரு துண்டுக்கோசரம் ஆறு வருசம் புள்ளைக்கு மொட்ட போடாத எவன்யா இருப்பான்? பொய் சொல்றதுன்னாலும் பொருந்தச் சொல்லு." அவர் கேட்டது நியாயம்தான். அப்படி ஒருவன் இருப்பான் என்று நானே நம்பியிருக்க மாட்டேன்.

உன்னைத் தமிழில் பேசச் சொன்னார்கள். உன் பேர் இன்னா, உன் அப்பா பேர் இன்னா என்று கேட்டார்கள். நாள் முழுக்கத் தொணதொணக்கிற நீ வாயே திறக்கவில்லை. "பேசுடா, பேசுடா" என்று உன்னை உலுக்கினேன். முதுகில் ஓர் அடிகூட வைத்தேன். அப்போதும் நீ பேசவில்லை. டிபன் பைக்காரர்தான் வழி சொன்னார். "சரி, உன் புள்ளன்னா அவன் கையால அந்த வண்டிமேல ஒரு கல்லு உட்டெறியச் சொல்லு. சிங்குப் புள்ளன்னா சிங்கு வண்டிய அடிக்காது."

நான் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். உன் உள்ளங்கையில் வைத்து, உன் கையை என் கைக்குள் மூடி, ஓங்கி வீசினேன். பக்கக் கண்ணாடி உடைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதுவரைக்கும் உன் கதை சரி. கண்ணாடி உடைந்த பிறகுதான் உள்ளே பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால், டிரைவர்கள் படுக்கிற பலகையில், ஒரு போர்வை. போர்வைக்கு வெளியே ஒரு கால்.

இல்லை தம்பி. பார்த்தாயா, இதையும் நான் பொய்யாகத்தான் எழுதுகிறேன். உடைந்த பிறகு பார்க்கவில்லை. கல்லை வீசுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். கல்லோடு நிமிர்ந்தபோதே அந்தக் கண்ணாடி வழியாகப் போர்வை அசைந்ததும் அந்தக் கால் உள்ளே இழுத்துக்கொண்டதும் எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் உன் கையைப் பிடித்து வீசினேன். மற்றவர்கள் அதுவரை உள்ளே ஆள் இருப்பதைக் கவனிக்கவில்லை. ஓடிவிட்டான் என்று நினைத்திருந்தார்கள்.

நம்மை விட்டுவிட்டார்கள். உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன், உன் முகம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி இருந்தது. இருபது அடி போயிருப்போம். "டேய், உள்ள கீறான்டா!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. நான் திரும்பவில்லை. நடையை ஓட்டமாக்கினேன். பருத்திப்பட்டு வரும்போது நீ முதல் தடவையாக வாய் திறந்தாய். "அப்பா, உள்ள ஆள் இருந்துச்சுப்பா." நான், "இல்லடா, காலி லாரி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாய். மறுபடியும், "காலி லாரிதாண்டா, அப்பா பாத்தேன்ல" என்றேன். மூன்றாவது முறை நீ கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

அந்த மனிதர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து சைக்கிளில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். லாரி இல்லை, கண்ணாடித் தூள் மட்டும் மண்ணில் கிடந்தது. எதிரே வெற்றிலை பாக்குக் கடைக்காரரிடம் கேட்கலாம் என்று இறங்கினேன். ஒரு பாக்கு வாங்கிக்கொண்டு கேட்காமலேயே திரும்பி வந்தேன். செய்தித்தாளில் தேடினேன், ஒன்றும் இல்லை. இல்லை என்பதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. உனக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கும்போது, கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று அம்மா சொல்வாள். அதைக் கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். எதற்கு இந்த மனுஷன் இப்படி எழுந்து போகிறார் என்று அவளுக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நீ சுரிந்தர் அக்கா வீட்டுக்குள் ஓடிவிட்டாய். அவர் கதவைச் சாத்திக்கொண்டு பிண்ட்டுவோடு உள்ளே இருந்தார். இருட்டிய பிறகுதான் சர்தார்ஜியை ஃபாக்டரி வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கத்திரிக்கோலைத் தேடினேன். உன்னைக் கூட்டிவந்து, அம்மா குறுக்கே விழுந்து தடுத்தும் கேட்காமல், உன் முடியைக் கழுத்தோடு வெட்டினேன். அம்மா அதையெல்லாம் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்து அழுதாள். மறுநாள் காலையில் சுரிந்தர் அக்கா வந்து உன் தலையைத் தடவிப் பார்த்தார். "நல்லதுதான் செஞ்சே பாய்சாப். உன் புள்ளைக்கு முடி போனா பயம் போச்சு" என்றார். அவர் சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது. உன்மேல் விழுந்தது ஒரு தவறான பெயர். கத்திரிக்கோலால் அதை வெட்டிப் போட்டுவிட முடிந்தது. பிண்ட்டுவுக்கு அது தவறான பெயர் இல்லை. அவன் எங்கே போய் வெட்டிக்கொள்வான்?

அந்த வாரமே மாமாவுக்குக் கடிதம் போட்டேன். ஆறு வருஷம் எழுத வராத கை, அன்று நாலே வரியில் எழுதிவிட்டது. தை மாதம் கோவிலுக்குப் போனோம். உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "நாலு முடியாவது எனக்குன்னு மிச்சம் வச்சீகளே மாப்ள" என்று மாமா சிரித்தார். அவரைப் போல நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. அந்தக் கடிதத்தை ஒரு வருஷம் முன்னால் எழுதியிருந்தால் நீ மொட்டைத் தலையோடு, காதில் கடுக்கனோடு அந்த ரோட்டில் வந்திருப்பாய். யாரும் நம்மை நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த லாரி அங்கேதான் நின்றிருக்கும். அதையும் பல வருஷம் கழித்துத்தான் யோசித்தேன்.

இப்போது நீ கேட்கலாம், பதினைந்து வருஷம் மூடி வைத்ததை இப்போது ஏன் திறக்கிறீர்கள் என்று. நேற்று முன்தினம் வரைக்கும் எனக்கே திறக்கிற எண்ணம் இல்லை. அந்தக் கதையை அங்கே சொல்லாதே என்று மட்டும் உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஏன் என்று நீ கேட்பாய், கேட்டால் ஒரு புதுப் பொய் சொல்ல வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை தம்பி, அடைத்துக்கொண்டது. மார்க்கெட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் லூதியானாவுக்கு போன் போட்டேன். சுரிந்தர் அக்காதான் எடுத்தார். ரயில் எப்போது, பையனுக்கு இன்னும் காதுவலி வருமா, இங்கே குளிர் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டே போனார். நான் நடுவில் புகுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கல், கால், போர்வை எல்லாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள், நான் அழுதுகொண்டு பேசியதை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

சுரிந்தர் அக்கா அந்தப் பழைய மார்க்கெட் தமிழிலேயே சொன்னார்: "தெரியும் பாய்சாப். அன்னிக்கே தெரியும். உன் புள்ள வந்து என் மடில படுத்துகினு சொல்லிச்சு. 'ஆன்ட்டி, லாரி உள்ள ஒரு அங்கிள் அழுதுச்சு. அப்பா காலி லாரின்னு சொல்லுது'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் இன்னா சொல்றது? அப்பா சொன்னா காலி லாரிதான் பேட்டான்னு சொன்னேன். சின்னப் புள்ள, தூங்க வேணாமா?"

தம்பி, இதை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். அவர் வீட்டுக்காரர் உயிரோடு வந்து சேர்வாரா என்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அது. அந்த நேரத்தில், அவர்கள் ஆள் ஒருவர்மேல் கல்லை வீசிய கையைப் பிடித்துக்கொண்டு, உன் தூக்கத்துக்காக என் பொய்யை அவரும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தார். நம் வீட்டுக்கு ரொட்டி கொடுத்தனுப்பினார், உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பறித்துவந்தார். ஒருநாள்கூட ஒரு பார்வையால்கூட என்னைக் கேட்டதில்லை. நீ ஆறு வயதில் உண்மையைத்தான் சொன்னாய். நானும் அவரும் சேர்ந்து அதை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டோம். நான் என்னைக் காப்பாற்ற, அவர் உன்னைக் காப்பாற்ற.

கடைசியில் கேட்டேன், பையனை அனுப்பட்டுமா, வேண்டாமா என்று. "ஏன் வேணாம்? கட்டில் போட்டு வச்சுட்டேன்" என்றார். பிறகு, "ஆனா சொல்லிட்டு அனுப்பு. இப்ப பெரிய ஆளு. இப்ப தூங்காம இருந்தா பரவால்ல" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. குளிரில் காதை மூடிக்கொள். அற்ப மரியாதைக்குச் சொந்தக்காரர்களோடு பேச்சை நிறுத்தாதே. அங்கே உன்னை மதராசி என்பார்கள், வேறு என்னவோ என்று நினைப்பார்கள். சிரித்துக்கொண்டு நினைத்தால் சிரித்துக்கொண்டே திருத்து. கோபத்தோடு நினைத்தால் ஓடிவிடு, ஓடுவதில் வெட்கமில்லை. ஆனால் நான் அவன் இல்லை என்று நிரூபித்துவிட்டு, நிஜமாகவே அவனாக இருக்கிறவனை அவர்கள் கையில் விட்டுவிட்டு வராதே. உன்னால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. என்னால் முடியவில்லை. நீ என் இடுப்பில் இருந்தாய், அதனால்தான் என்று பதினைந்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். உன்னைச் சாக்காக வைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் நீ அந்தக் கதையைச் சொல்லு, சொல்லாதே என்று நான் இனி சொல்ல மாட்டேன். சொன்னால் என் பெயரை விட்டுவிடாதே. கை உன்னுடையது, பலம் முழுக்க என்னுடையது. உனக்கு அன்று ஒரு சொம்பைத் தூக்கக்கூடத் தெம்பில்லை.

கேட் சத்தம் கேட்கிறது, நீங்கள் வந்துவிட்டீர்கள் போல. திங்கட்கிழமை உன்னை வழியனுப்ப சென்ட்ரலுக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை. வெளுத்த சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நான் வரலாமா, கூடாதா என்று என்னிடம் சொல்ல உனக்குக் கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் சொல்லிவிடு. வர வேண்டாம் என்றாலும் எனக்குப் புரியும்.

அப்பா